கொடைக்கானலைப் பார்த்த ஆன்டெனா

ஆவாரம்பாளையத்தில் நாங்கள் குடியிருந்தது ஒரு லைன் வீடு. எதிரும் புதிருமாக ஆறு வீடு, நடுவில் சிமெண்ட் வாசல், கோடியில் தண்ணீர்த் தொட்டி. சிறுவாணித் தண்ணீர் விடுகிற நாளில் தொட்டியைச் சுற்றிக் குடங்கள் முந்தின ராத்திரியே இடம் பிடித்துவிடும். தெருவின் இரண்டு பக்கமும் பட்டறைகள். லேத் ஓடும் சத்தமும் பவுண்டரிப் புகையும் கலந்ததுதான் எங்களுக்குக் காற்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெரு அடங்கியிருக்கும். அந்த அமைதிக்குள்தான் டிவி வந்தது.

கொடைக்கானல் மலையில் உயர்சக்தி ஒளிபரப்பு நிலையம் தொடங்கியது 1987-ல். அந்த வருசக் கடைசியில் எங்கள் ஓட்டுக் கூரைமேல் நீளக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டினார்கள். கோயமுத்தூருக்குக் கொடைக்கானல் தென்கிழக்கு. அப்பா கூரையில் நின்று குழாயைத் திருகுவார். ஜன்னலோரம் அம்மா, வாசலில் நான். அம்மா சொல்வதை நான் மேலே கத்த வேண்டும்.

"ஏனுங்க, இன்னும் சித்தெ திருப்புங்க. ஆளு ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"இப்பங்க?"

"போயிருச்சுங்க. மொதல்ல இருந்த மாதிரியே வைங்க."

அப்பா தன் மனைவியிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். எங்கள் பக்கத்துப் பேச்சு அப்படி.

டயனோரா கறுப்பு வெள்ளைப் பெட்டி. லைன் வீட்டில் முதல் டிவி அதுதான். பட்டறைக் கூலிக்காரர் வீட்டுக்கு அது எப்படி வந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்கு முந்தின வருசம், பம்பு வார்ப்பு ஆறியதும் அதன் ஓரத்துப் பிசிறைக் கிரைண்டிங் வீலில் பிடித்துச் சாணை போடுகிற வேலையில், தெறித்த இரும்புத் துணுக்கு ஒன்று அப்பாவின் இடது கண்ணில் ஏறிவிட்டது. பார்வை திரும்பவில்லை. முதலாளி ஒரு தொகையைக் கையில் கொடுத்தார். அதில் ஆஸ்பத்திரிக் கடன் போக மிஞ்சியதில் வந்ததுதான் டிவி.

அப்பாவைப் பெற்ற ஆத்தா ஒரு மாசம் அந்தப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கண்ணு போன காசுல கண்காச்சி கேக்குதாக்கும்" என்று வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் உட்கார்ந்து அழுதாள். அப்பா பதில் பேசவில்லை. பிள்ளைகள் அடுத்த தெருவில் யார் வீட்டு ஜன்னலிலோ தொங்கிக்கொண்டு படம் பார்ப்பதை அவர் பார்த்திருந்தார். அது மட்டும்தான் காரணம் என்று பிற்பாடு அம்மா சொன்னாள்.

ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், அப்பாவுக்கென்று ஓர் இடம் உண்டு. இடது தோள் சுவரில் சாய்ந்திருக்கும்படி உட்காருவார். அப்போதுதான் டிவியும் நாங்களும் ஆறு வீட்டுச் சனமும் அவருடைய வலது கண்ணுக்குள் வருவோம். அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிறு ஒன்பதரைக்கு ராமாயணம். இந்தி ஒருவருக்கும் தெரியாது. கதை எல்லோருக்கும் தெரியும். அதற்குள் ஆறு வீட்டு அடுப்பும் அணைந்தாக வேண்டும். யாராவது மிக்ஸி போட்டால் ராமர் முகத்தில் கோடு கோடாக ஓடும். கிரைண்டர் போட்டால் வோல்டேஜ் இறங்கி, படம் நாலு பக்கமும் சுருங்கும். அதனால் மாவாட்டுகிறவர்கள் விடியக்காலையிலேயே ஆட்டி முடிப்பது என்று பெண்கள் பேசி வைத்திருந்தார்கள். அம்மா அன்றைக்கு அரிசிம்பருப்புச் சோறுதான் வைப்பாள். கடலெண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய்; உரித்த சின்ன வெங்காயம் இரண்டு கை; தட்டிய பூண்டு, தக்காளி, கறிவேப்பிலை, மஞ்சள்தூள். ஊறவைத்த அரிசி மூன்று பங்கு, துவரம்பருப்பு ஒரு பங்கு. கடைசியில் தேங்காய்ப்பூ. குழம்பு வேண்டாம், பொரியல் வேண்டாம், நெய்யும் ஊறுகாயும் போதும். கொங்கு நாட்டில் கலியாண விருந்தில் யாரும் இதைப் பெருமையாகப் பரிமாற மாட்டார்கள். ஆனால் வெளியூர் போய் நாலு நாள் கழித்து வீடு திரும்பினால் முதலில் கேட்பது இதைத்தான். நான் சாப்பிட்ட எந்தப் பிரியாணியும் இதற்குப் பக்கத்தில் வராது.

அப்படி ஒரு ஞாயிற்றில்தான் குக்கர் சீறியது. விசில் இல்லை, வேறு சத்தம். மூடியிலிருந்து ஆவி கூரைவரை பீய்ச்சியது. போர்க் காட்சியில் மூழ்கியிருந்த சனம் முழுக்க வாசலுக்கு ஓடியது. அப்பா மட்டும் உள்ளே போய் அடுப்பை அணைத்தார். ஆறியபின் மூடியிலிருந்து சேஃப்டி வால்வைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். நடுவில் ஓட்டை விழுந்திருந்தது.

"இதுக்குள்ள சீக்கிரம் உருகற உலோகம் வச்சிருக்காங்க கண்ணு. தண்ணி வத்திச் சூடு ஏறுனாலோ, விசில் அடைச்சுக்கிட்டு அமுக்கம் கூடுனாலோ, பாத்தரம் வெடிக்கறதுக்கு முந்தி இது உருகி வழி விட்டுரும். தான் போயி மத்ததக் காப்பாத்தும்."

இரும்பை உருக்கி ஊற்றுகிற இடத்தில் வேலை பார்ப்பவர் அவர். உலோகம் உருகுவதைப் பற்றி அவர் சொன்னால் அது வெறும் பேச்சில்லை. கொஞ்ச நேரம் அந்த வால்வையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரு சோத்துப் பானைக்கு இத்தன யோசன பண்ணியிருக்கான்" என்றார். மறுநாளே புது வால்வும் கேஸ்கட்டும் வாங்கி வந்தார்.

அப்பாவின் கண்ணுக்கு யாராவது இப்படி யோசித்திருந்தார்களா என்று, பெரியவனான பிறகு சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 35-ஆவது பிரிவு கண் பாதுகாப்புக்கென்றே இருந்தது. துணுக்கு தெறிக்கிற வேலைக்குத் தடுப்போ தகுந்த கண்ணாடியோ தர வேண்டும் என்றது. அப்பா பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் பொதுவாக அந்தச் சட்டம் உள்ளே வரும் என்றிருந்தது. நாலு பேர், ஆறு பேர் வைத்து ஓடும் பட்டறைகளால் நிறைந்தது எங்கள் தெரு. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு கண்ணின் பார்வை போனால், மற்றக் கண் நன்றாக இருக்கிற பட்சத்தில், சம்பாதிக்கும் திறனில் நட்டம் 30 சதவீதம் என்று போட்டிருந்தது. அந்த எண்ணைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. சாயங்காலம் கோயமுத்தூரில் குண்டுகள் வெடித்த சேதி முதலில் வாய்வழியாகத்தான் வந்தது. அப்பா வேலையாக டவுனுக்குப் போயிருந்தார். பஸ் இல்லை. செய்தி நேரத்துக்கு லைன் வீடே எங்கள் ஆசாரத்தில் கூடியது. ஆர்.எஸ்.புரம் என்ற பேரை, நாங்கள் துணி எடுக்கப் போகிற இடத்தின் பேரை, செய்தியில் அப்படிக் கேட்பது அன்றுதான். சுவரோர இடம் காலியாகவே இருந்தது. அவர் நடந்தே வந்து சேர்ந்தபோது இருட்டி வெகு நேரம் ஆகியிருந்தது. சட்டையெல்லாம் புழுதி. தண்ணீர் குடித்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டுப் பேர் போனார்கள் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். அன்று ராத்திரி எங்கள் வாசலில் யாரும் கதவைச் சாத்தவில்லை, எல்லோரும் வெளியிலேயே படுத்துக்கொண்டோம்.

லைன் வீட்டை 2009-ல் இடித்தார்கள். அதற்கு முன் வாசல், தொட்டி, ஆன்டெனாக் குழாய், சுவரில் அப்பாவின் தோள் பட்டுப் பட்டு எண்ணெய்க் கறை படிந்த இடம், எல்லாவற்றையும் படம் எடுத்து, கிராஸ்கட் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்து இணையத்தில் ஒரு தளத்தில் ஏற்றினேன். பிரிந்து போன ஆறு வீட்டுப் பிள்ளைகளும் அங்கே வந்து எழுதினார்கள். மூணாம் வீட்டு அக்கா ஓமனிலிருந்து, அம்மாவின் அரிசிம்பருப்புக்குத் தண்ணீர் அளவு கேட்டிருந்தார். அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த பதிலும் அங்கேதான் இருந்தது. அந்தத் தளம் பின்னால் மூடப்பட்டது. எடுத்து வைத்துக்கொள்ள அவகாசம் கொடுத்திருந்தார்கள், நான் செய்யவில்லை. அந்தச் சுவர்க் கறையின் படம் இன்று என்னிடம் இல்லை. பிரிண்ட் போட்டிருந்தால் இருந்திருக்கும்.

2015 ஜூலை 1 முதல் இருசக்கர வண்டியில் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்றானபோது ஊரெல்லாம் முணுமுணுப்பு. அப்பா முந்தின நாளே கடைக்குப் போய்த் தனக்கொன்று வாங்கிவிட்டார். "பொறத்தால உக்கார்றவனுக்கும் மண்டை மண்டைதானே கண்ணு" என்றார். வீட்டு வாசலில் மாட்டினால், திரும்பி வந்து வாசலில்தான் கழற்றுவார்.

2020 மார்ச் 28-ல் ஊரடங்குக்குள் ராமாயணத்தை மறுபடி ஒளிபரப்பினார்கள். சரவணம்பட்டி அடுக்குமாடி வீட்டில், இடது தோளைச் சுவரில் சாய்த்து அப்பா பார்த்தார். அடுப்பில் அரிசிம்பருப்பு. கொடியில் துவைத்துக் காயப் போட்ட திருப்பூர்ப் பனியன் துணி மாஸ்க்குகள். ஆசாரத்தை நிறைக்க ஆள் இல்லை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு பக்கம் சிறு பட்டறை வைத்திருக்கிற அண்ணன்மாரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கிரைண்டிங் வீலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, அதில் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டி வையுங்கள். அதைப் போட்ட பிறகே சுவிட்சைத் தட்டச் சொல்லுங்கள்.