திரும்புகிற இடம்

நான் ஓடினவன் இல்லை. நின்றவன். ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவன் பேர் ஊருக்கே தெரியும், கப்போடு எடுத்த போட்டோ டீக்கடைச் சுவரில் ஒரு வருஷம் தொங்கும். சுண்ணாம்புத்தூள் கொட்டிக் கோடு போட்டவன், நூல் பிடித்தவன், பஸ்ஸை மறித்தவன், குடத்தைச் சுமந்து வந்தவன் எல்லாம் எந்தப் போட்டோவிலும் விழுவதில்லை. விழுந்தாலும் பாதி முதுகுதான் தெரியும். அந்தப் பாதி முதுகுகளில் ஒன்று என்னுடையது. ஓடினவர்களுக்கு இப்போது என்ன ஞாபகம் இருக்கிறதோ. நின்றவனுக்கு எல்லாமே இருக்கிறது. நிற்கிறவனுக்கு வேறென்ன வேலை, பார்ப்பதைத் தவிர.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில் இண்டூர்ப் பக்கம் எங்கள் ஊர். காணும் பொங்கலன்று காலையில் மினி மாரத்தான் நடக்கும். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பையன்கள் அத்தனை பேரும் வந்து சேர்ந்திருக்கிற ஒரே வாரம் அது. பள்ளிக்கூடத்து வாசலில் புறப்பட்டு, தார்ச்சாலை பிடித்து, ஒரு பெரிய புளியமரத்தடியில் திரும்பி, வந்த வழியே ஊர் சேர வேண்டும். அந்தப் புளியமரத்தடிதான் என் இடம். விடியுமுன்னே போய் நின்றுவிட வேண்டும். மார்கழி முடிந்தாலும் பனி முடிந்திருக்காது. எதிரே பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாது. அவரைக் கொல்லை எங்கே முடிகிறது, சாலை எங்கே தொடங்குகிறது என்று கூடத் தெரியாத வெள்ளை.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து முதலில் வருவது ஆள் இல்லை, சத்தம். வெறுங்கால் தாரில் படுகிற சத்தம். ஷூ போட்ட கால் வேறு மாதிரி கேட்கும், கனமாக, தள்ளித் தள்ளி. வெறுங்கால் சத்தம் மெல்லிசு, நெருக்கம், ஈரம். முன்னால் வருகிறவன் தனியாக வருகிறானா, ஒட்டிக்கொண்டு இன்னொருவன் வருகிறானா என்று ஆள் தெரியுமுன்னே காது சொல்லிவிடும். அப்புறம் மூச்சு கேட்கும். அதற்கும் அப்புறம்தான் பனியனும் முகமும். நீங்களும் ஊரை விட்டு வந்தவராக இருந்தால் உங்களுக்கும் இப்படி ஒரு சத்தம் இருக்கும், உரலோ, தறியோ, முதல் பஸ்ஸின் ஹாரனோ. எங்கே தேடினாலும் திரும்பக் கேட்காத ஒன்று. எனக்கு இது.

திரும்புகிற இடத்தில் நிற்கிறவனுக்குப் பொறுப்பு அதிகம். பாதி வழியில் கொல்லைக்குள் புகுந்து குறுக்கே வந்துவிடுகிறவர்கள் உண்டு, மாமன் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து கடைசி வளைவில் இறங்கி ஓடுகிறவர்கள் உண்டு. அதற்காகத்தான் ரப்பர் பேண்ட். மரத்தடி வரைக்கும் வந்தவன் கையில் மட்டும் அது இருக்கும். அது இல்லாமல் ஊர் எல்லையில் நூலை அறுத்தாலும் கணக்கில் சேராது. மாட்டிவிடுவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். கட்டைவிரலையும் இரண்டு விரலையும் உள்ளே விட்டு ரப்பரை முக்கோணமாக விரித்துப் பிடித்துக்கொண்டு, வருகிறவனின் இடுப்பு உயரத்தில் கையை நீட்ட வேண்டும். அவன் நிற்க மாட்டான், நிற்கவும் கூடாது. ஓடுகிற வேகத்தில் கையை உள்ளே செருகுவான், அந்தக் கணம் பார்த்து விரலை உருவ வேண்டும். முன்னதாக விட்டால் ரப்பர் தெறித்துவிடும், பிந்தினால் அவன் தோள் பிடித்துக்கொள்ளும். சரியாக விழுந்தால் மணிக்கட்டில் ‘சட்’டென்று ஒரு ஒலி. அவ்வளவுதான். அதற்குள் அவன் திரும்பி நாலு எட்டு போயிருப்பான். ஒரு கணம் நம் விரலில் ஒட்டிப்போன அவன் வியர்வை மட்டும் மிச்சம்.

பி.டி. சாரைச் சொல்லாமல் இதையெல்லாம் சொல்ல முடியாது. மைக் செட் வாடகைக்கு வந்திருக்கும், குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டியிருப்பார்கள், சினிமாப் பாட்டு போய்க்கொண்டிருக்கும். அத்தனைக்கும் மேலே அவர் குரல் தனியாகக் கேட்கும். ‘ஓரம்! ஓரம் போ! பசங்க வராங்க!’ மாட்டுக்காரனுக்கும் அதே குரல், கவுன்சிலருக்கும் அதே குரல். கழுத்தில் விசில் தொங்கும், ஊதி நான் பார்த்ததில்லை. ஸ்டாப்வாட்சைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அந்த ஸ்டாப்வாட்சுக்குத்தான் பையன்கள் பயப்படுவார்கள்.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஓட்டம் பொழுதுபோக்கு இல்லை. போலீஸ் வேலைக்கான உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடியாக வேண்டும். மழை பெய்தால் கேழ்வரகு, பெய்யாவிட்டால் பெங்களூர்க் கட்டட வேலை என்றிருந்த வீடுகளில் அந்த 7 நிமிஷம் ஒரு கதவு. மினி மாரத்தானில் ஓடியவர்களில் பாதிப் பேர் கப்புக்காக வந்தவர்கள் இல்லை, தன் மூச்சு எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க வந்தவர்கள். பொங்கல் முடிந்த பிறகும் விடியற்காலையில் பி.டி. சார் அவர்களைத் தனியாக ஓடவிட்டுப் பார்ப்பார். ஏழு நிமிஷம் நாலு செகண்டில் ஒருத்தன் வந்தான். ‘ஏழுன்னே வெச்சுக்கலாம் சார்’ என்று நான்தான் பக்கத்தில் நின்று சொன்னேன். அவர் ஸ்டாப்வாட்சைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றினார். ‘அங்க எவன்டா உனக்கு நாலு செகண்டு குடுப்பான்? நாளைக்கு வா.’ கடுமை இல்லை அந்தக் குரலில். நாளைக்கும் தான் வருவேன் என்பதுதான் அதில் இருந்தது.

அவர் போய்விட்டார். செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது, மாலை போட்ட படத்தோடு. அவரோடு எடுத்த படங்களை ஆளுக்கு ஒன்றாகப் போட்டார்கள். குரல் யாரிடமும் இல்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தருமபுரிக்காரனுக்குத் தண்ணீர் சாதாரண விஷயம் இல்லை. எங்கள் மண்ணுக்குக் கீழே இருக்கிற பாறையில் ஃப்ளூரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பார்கள். எங்கள் மாவட்டத்தில் எத்தனையோ போர்க்குழாய்கள் அந்த எல்லையைத் தாண்டியவை. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கோடு விழும். வயசானவர்களுக்கு முட்டி மடங்காது, முதுகு நிமிராது. கிழவன் கிழவிகள் வளைந்த காலோடு திண்ணையில் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு நாங்கள் மொண்டு ஊற்றியதும் அந்த மண்ணின் தண்ணீர்தான். போர்த் தண்ணி ஆகாது, கொல்லைக் கிணற்றுத் தண்ணிதான் நல்லது என்று தூரத்திலிருந்து குடம் குடமாகக் கொண்டு வருவோம். அது மட்டும் எந்த அளவுக்கு நல்லது என்று யார் சோதித்துப் பார்த்தது? எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பும் குளுக்கோஸும் போட்டுக் கலக்கி, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி நீட்டுவோம். பையன்கள் பாதியைக் குடித்து மீதியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, பழுப்புப் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பார்கள்.

2008ல் அடிக்கல் நாட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் ஊர் ஊராகப் போனது. நல்லது. மிகவும் நல்லது. அதற்குள் நான் ஊரில் இல்லை. நான் மொண்டு கொடுத்த தண்ணீர் எலும்பைத் தின்கிற தண்ணீராக இருந்திருக்கலாம் என்று தெரிந்த பிறகும் அந்த லேசான கடுப்பு ருசி நாக்கில் வந்து நிற்கிறதே, இதை யாரிடம் சொல்வது? இங்கே ஒரு பல் டாக்டர் என் முன்பல்லைப் பார்த்துவிட்டு வெளுத்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இங்கே என்பது லண்டன். தென்மேற்கே புஷி பூங்கா என்று மான்கள் திரிகிற ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. 2004 அக்டோபர் 2ஆம் தேதி அங்கே 13 பேர் ஓடினார்கள். பால் சின்டன்-ஹெவிட் என்பவர் ஏற்பாடு செய்த ஓட்டம். அவருக்கு அடிபட்டிருந்தது, ஓட முடியாது. நண்பர்களை விட்டுப் பிரிந்திருக்கவும் முடியவில்லை. அதனால் அவர்களை ஓடவிட்டு அவர் நின்றார். வந்த வரிசையைக் குறிக்க, இரும்புக் கடை வாஷர்களில் எண் குத்திக் கையில் கொடுத்தார்கள். அதுதான் இன்றைக்குப் பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கிற பார்க்ரன். இதைப் படித்தபோது ரப்பர் பேண்ட் ஞாபகம் வராமல் இருக்குமா? தேதியும் சும்மா விடவில்லை. சேலத்திலிருந்து பிரித்துத் தருமபுரி மாவட்டம் உருவானது 1965ல், அதே அக்டோபர் 2.

2004 எனக்கு வேறொரு கணக்கிலும் வருகிற வருஷம். பிப்ரவரியில் எங்கள் மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அதற்கு முன் மாவட்ட அளவிலான போட்டி என்றால் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பையன்களும் தருமபுரிக்குத்தான் வருவார்கள். நாலு பாஷை கலந்து பேசுவார்கள், நல்ல ஷூ போட்டிருப்பார்கள், அரூர்ப் பையன்களோடு சண்டை போட்டுவிட்டுச் சாயங்காலம் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். நெஞ்சில் குத்தும் நம்பர் துணிக்கு ஊக்கு பற்றாமல், ஒரு ஊக்கில் ஒரு மூலையாகக் குத்தி அனுப்பியிருக்கிறோம். பிரிவினை நிர்வாகத்துக்குச் சௌகரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பையன்கள் அதற்கப்புறம் வேறு மாவட்டம்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நானும் பூங்காவில் நிற்கிறேன். பளிச்சென்ற மேலங்கி கொடுக்கிறார்கள். யார் எங்கே நிற்பது என்று முன்னாடியே பட்டியல் வந்துவிடும். முதலுதவிப் பெட்டியும் இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கிற கருவியும் தயாராக இருக்கும். ஊரில் 2008ல் 108 வண்டி வருகிறவரைக்கும் எங்கள் ஆம்புலன்ஸ் பால்காரரின் டி.வி.எஸ். 50தான், கேனைக் கழற்றி வைத்துவிட்டு ஈரத் துண்டோடு பின்னாலேயே வருவார். இங்கே கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் நடப்பதற்கென்றே ஒரு ஆள் உண்டு, யாரும் தனியாக விடப்படுவதில்லை. ஊரில் பத்தாவது ஆள் வந்ததும் மேசையை மடக்கிவிடுவோம். அதற்குப் பின்னால் வந்தவர்கள் எப்படி வீடு போனார்கள் என்று அப்போது யாரும் கேட்டதில்லை. இந்த விஷயத்தில் இங்கேதான் மேல், சந்தேகமில்லை.

வளைவில் நிற்கிற என்னைத் தாண்டுகிறவர்கள் மூச்சு வாங்குகிற நிலையிலும் ‘தேங்க்யூ மார்ஷல்’ என்கிறார்கள். வயசானவர்கள், பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிற அம்மாக்கள், எல்லோரும். நல்ல மனிதர்கள். ஊரில் எவனும் நன்றி சொன்னதில்லை. ‘ணா, தண்ணி! தலையில ஊத்துண்ணா! எங்க பாத்துக்கிட்டு நிக்கிற?’ என்றுதான் கத்துவான். ஓடி முடித்து, தோற்றுப்போன கோபத்தில் என்னிடம் பேசாமல் போவான். மதியம் அவன் அம்மா வந்து, ‘என்ன தம்பி, விடியக்காலம் போய் நின்னியாமே, வா’ என்று இழுத்துக்கொண்டு போய் உட்கார வைப்பாள். களி உருண்டை, அவரைக்கொட்டைக் குழம்பு. எதிரே அவனும் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுவான். ரப்பர் பேண்ட் இன்னும் கையிலேயே இருக்கும். இங்கே ஓட்டம் முடிந்ததும் காப்பி குடிக்கக் கூப்பிடுகிறார்கள், போகிறேன், சிரிக்கிறேன். ஜனவரியில் அப்போது ஊரில் மதியம் மூணு, மூணரை. களிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

போன பொங்கலுக்கு முன்னால் அக்கா மகன் போன் செய்தான். இப்போது அவன் வயசுப் பையன்கள்தான் நடத்துகிறார்கள். பனியன் அடிக்கப் பணம் வேண்டுமாம். முதுகில் ‘உபயம்’ என்று என் பேர் போடட்டுமா என்று கேட்டான். பேர் எல்லாம் வேண்டாம், அனுப்புகிறேன் என்றேன். புளியமரத்தைக் கேட்டேன். ரோட்டை அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்களாம், இப்போது பெட்ரோல் பங்க் பக்கத்தில் திரும்புகிறார்களாம், அங்கே செல்போனில் வீடியோ எடுத்துவிடுவதால் ரப்பர் பேண்டும் தேவையில்லையாம்.

‘தண்ணிக்கு யாருடா நிக்கிறது?’ என்றேன்.

‘கேன் வெச்சுருவோம் மாமா. அவங்கவங்களே புடிச்சுக்குவாங்க.’