அவசரப்படாத செல்கள்

அக்கா மகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. சித்ரான்னங்கள் பரிமாறி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் ஊறவைத்த பாதாமை அவள் கையில் திணித்து, “இப்பத்தான் பிள்ளைக்கு மூளை உருவாகுற நேரம். தினமும் சாப்பிடணும்” என்றார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “பெருமூளையோட நியூரான்ல முக்கால்வாசி இதுக்குள்ள பிறந்தே முடிஞ்சிருக்கும்” என்றேன். “அப்ப இனிமே பாதாம் வேண்டாமா மாமா?” என்றாள் அவள், முகமெல்லாம் நிம்மதியாக.

வேண்டும்தான். நியூரான்கள் ஒன்றோடொன்று தொடர்பு பூணும் வேலை இனிதான் மும்முரமாகும். வளையல் சத்தத்தைக் கேட்கும் காதும் இந்த மாதங்களில்தான் தயாராகிறது. சிறுமூளையில் குழந்தை பிறந்த பிறகும் புது நியூரான்கள் உருவாகும். ஆனால் பெருமூளைப் புறணியில் வளர்ந்த மனிதருக்கு இருக்கும் சுமார் 1600 கோடி நியூரான்களின் கணக்கு, பெரும்பாலும் வளையல் அடுக்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

அந்தக் கணக்கு போடப்படும் விதம்தான் விசேஷம். கருவின் முதுகுப்புறத்தில் ஒரு தகடு மடிந்து குழாயாகிறது. குழாயின் உட்சுவரில் நிற்கும் ஸ்டெம் செல்கள் முதலில் சமமாகப் பிரிகின்றன. ஒன்று இரண்டாகும், இரண்டும் ஸ்டெம் செல்களே. ஏறக்குறைய இரண்டாம் மாத முடிவில் முறை மாறத் தொடங்கும். பிரியும் இரண்டில் ஒன்று தாயைப் போலவே தங்கும். மற்றது நியூரானாகும், அல்லது இன்னும் ஓரிரு முறை பிரிந்து நியூரான்களைத் தரும் இடைநிலைச் செல்லாகும். விதைநெல்லை எடுத்துவைத்துவிட்டு மீதியைக் குத்தி உலையில் போடும் குடியானவர் கணக்குதான் இது. எல்லாவற்றையும் விதைத்துக்கொண்டே இருந்தால் சோறில்லை. எல்லாவற்றையும் தின்றுவிட்டால் அடுத்த போகமில்லை.

காகிதத்தில் போட்டுப் பார்த்தால் இதன் வலு தெரியும். ஒரு செல் பத்து முறை சமமாகப் பிரிந்தால் 1024 ஸ்டெம் செல்கள். முதல் முறையிலிருந்தே சமமில்லாமல் பிரிந்தால், பத்து முறைக்குப் பின் பத்து நியூரானும் ஒரே ஒரு ஸ்டெம் செல்லும்தான். முறை மாறுவதற்கு முன் கூடுதலாக ஒரே ஒரு சுற்று சமமாகப் பிரிந்தால் போதும், பின்னால் வரும் விளைச்சல் முழுவதும் இரட்டிப்பாகும்.

சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் 5132 கருமூளைச் சீவல்களின் படங்களை வெளியிட்டது. 14 முதல் 24 வாரக் கருக்களின் மூளை. யார் வேண்டுமானாலும் கணினியில் பெரிதாக்கிப் பார்க்கலாம். நடுவே திரவம் நிறைந்த அறை. அதன் விளிம்பை ஒட்டி, சாயம் ஏறி அடர்ந்து தெரியும் ஒரு பட்டை. செல்கள் பிறக்கும் இடம் அதுதான். வெளியே, மண்டையோட்டுப் பக்கமாக இன்னொரு அடர்ந்த பட்டை. புறணி அங்கே அமையப்போகிறது. இரண்டுக்கும் நடுவே வெளிறிய அகன்ற வெளி. நியூரான் பிறப்பது ஓரிடம், குடியேறுவது வேறிடம்.

அந்த வெளியைக் கடக்க உதவுவது ரேடியல் கிளியா என்ற ஒல்லியான, நீளமான செல். அதன் ஒரு முனை திரவ அறையைத் தொடும், மறுமுனை மூளையின் வெளிப்பரப்பைத் தொடும். புதிய நியூரான்கள் அதன் இழையைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுவதைப் பாஸ்கோ ராகிச் 1972-இல் குரங்குக் கருவின் மூளையில் காட்டினார். வெறும் பற்றுக்கோடு என்றுதான் வெகுகாலம் அதை நினைத்தார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் உண்மை தெளிவானது: அந்த நியூரான்களைப் பெற்ற ஸ்டெம் செல்லே அதுதான். பிள்ளைகள் ஏறிப் போனது தாயின் மேல்தான்.

இரண்டாகப் பிரியும்போது எது சமமில்லாமல் போகிறது? ஒரு பதில் 2009-இல் எலியிடமிருந்து வந்தது. குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிரின் முனைகளில் தலா ஒரு சென்ட்ரோசோம் உண்டு. ஒன்று பழையது, ஒன்று புதியது. பழையதைப் பெறும் செல் பெரும்பாலும் ஸ்டெம் செல்லாகத் தங்குகிறது. புதியதைப் பெறுவது கிளம்பிப் போகிறது. இன்னொரு ஏற்பாடும் உண்டு. நியூரானாகப் போகும் செல் தன் மேற்பரப்பில் டெல்டா என்ற புரதத்தை நீட்டும். அது பக்கத்துச் செல்லில் உள்ள நாட்ச் புரதத்தைத் தூண்டி, அந்தச் செல்லை நியூரானாக விடாமல் நிறுத்திவைக்கும். கிளம்புகிறவர் சொல்லித்தான் இருப்பவர் இருக்கிறார்.

மனிதரிடம் இந்த நிறுத்திவைப்பு இன்னும் பலமானது. 2010-இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள், திரவ அறையை விட்டு விலகி நிற்கும் ஒருவகை ரேடியல் கிளியாவை மனிதக் கருமூளையில் விவரித்தார்கள். பிரிவதற்குச் சற்று முன் அதன் உடல் வெளிப்புறமாகச் சட்டென்று தாவும், தாவியபின் பிரியும், ஒன்று மறுபடியும் ஸ்டெம் செல். எலியில் இவை சொற்பம், நம்மிடம் ஏராளம். 2018-இல் நாட்ச்2என்எல் என்ற ஜீன் குடும்பம் மனிதரிடம் மட்டும் வேலை செய்வது தெரியவந்தது. செல்லை நியூரானாக விடாமல் தாமதப்படுத்துவதுதான் அதன் வேலை.

முறை சீக்கிரமே மாறிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. பிறவியிலேயே தலை சிறுத்துப்போகும் ஒரு நோய்க்கு ஏஎஸ்பிஎம் என்ற ஜீன் காரணம் என்று 2002-இல் கண்டறிந்தார்கள். பாகிஸ்தானியக் குடும்பங்கள் அதற்கு உதவின. அந்த ஜீன் தரும் புரதம் கதிரின் முனைகளில் நிற்பது. அது பழுதானால் சமப் பிரிவு முன்னதாகவே குலைந்து ஸ்டெம் செல்களின் கையிருப்பு வற்றிவிடுகிறது என்பது முக்கியமான விளக்கம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் நமக்கு இது அந்நியச் செய்தி இல்லை.

எங்கள் உறவில் சின்னத் தலையோடு பிறந்த பையன் ஒருவன் இருந்தான். காரணம் கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் வழியில்லை. கிரகணத்தன்று வெளியே வந்தாய், பப்பாளி தின்றாய் என்று அவன் அம்மாவைக் கடைசிவரை குத்திக்காட்டினார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரின் முனையில் நடந்திருக்கக்கூடிய பிசகுக்கு, அவள் தட்டில் இருந்ததைத் துருவினார்கள். அந்தத் தகப்பனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செல்லை வைத்துப் பிள்ளை வளர்ப்புக்கு நீதி சொல்லக் கூடாது. செல்லுக்குப் பொறுமை என்று ஒன்று கிடையாது. புரதங்களின் ஏற்ற இறக்கம்தான் உண்டு. ஆனால் மூளை வளர்ச்சியின் பெயரைச் சொல்லி அவசரத்தை விற்கிறவர்கள் நம் ஊரில் கொஞ்சநஞ்சமில்லை. கர்ப்பிணிக்கு ஒரு மாவு, பிறந்த குழந்தைக்குப் படம் போட்ட அட்டை, மூன்று வயது முடியுமுன்பே பள்ளியில் நேர்முகத் தேர்வு. சீக்கிரம் செய்வதுதான் புத்திசாலித்தனம் என்ற அவர்கள் பேச்சுக்கு உயிரியலைச் சாட்சிக்கு அழைத்தால் அது எதிர்த்தரப்புக்குத்தான் பேசும். எலியின் புறணி நியூரான்கள் சுமார் ஒரு வாரத்தில் பிறந்து முடிந்துவிடும். நமக்கு 100 நாளுக்கு மேல் ஆகிறது. முந்திக்கொள்வதுதான் பெருமை என்றால் எலி எப்போதோ ஜெயித்துவிட்டது.