கோயில் வேன் ரேடியேட்டர் மாற்றிய விவரம்

 

கோயில் வேனுக்கு என்ன ஆச்சு, தைப்பூசத்துக்கு ஓடுமா ஓடாதா என்று நாலு நாளாக எல்லா வாட்சாப் குரூப்பிலும் கேள்வி. "எஞ்சினே போச்சாம்" என்றுகூட ஒரு செய்தி சுற்றுகிறது. எஞ்சின் போகவில்லை. ரேடியேட்டர்தான் வெடிப்பு விட்டது. அதை நாங்களே ஒரு தொண்டர் வீட்டு போர்ச்சில் வைத்து மாற்றிவிட்டோம். உங்கள் காணிக்கையில் ஓடுகிற வண்டி என்பதால் நடந்ததை முழுசாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

வெள்ளிக்கிழமை, சீனப் புத்தாண்டு மூன்றாம் நாள். டயாலிசிஸ் முடித்த இரண்டு பெரியவர்களை ஏற்றிக்கொண்டு வேன் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஃபெடரல் ஹைவேயில் ஜாம். டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறுவதைப் பார்த்ததும் டிரைவர் அண்ணன் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டார். முன்பக்கம் ஒரே ஆவி. உதவிக்கு நின்ற ஒருத்தர், நல்ல மனசோடதான், தண்ணி பாட்டிலை நீட்டி "கேப்பைத் தொறந்து ஊத்துங்கண்ணே" என்றார். அண்ணன் தொடவே இல்லை.

இதை எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ளணும். ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் இருக்கும். அது அழுத்தத்தின் அளவு. 0.9 அழுத்தத்தில் தண்ணி ஏறக்குறைய 118 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும், அடங்கிக் கிடந்தது அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்துக்கு நேரே பாயும். பச்சைத் தண்ணி ஊற்ற நினைத்தவருக்கு முகம் வெந்துவிடும். அண்ணன் பெரியவர்கள் இருவரையும் ஆள் வரவழைத்துப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேனை இழுவை லோரியில் ஏற்றினார்.

மறுநாள் காலையில் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு பார்த்தோம். தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. எங்களோடு தொண்டு செய்யும் பெரியவர் ஒருவர், முப்பது வருஷம் பஸ் பட்டறையில் வேலை பார்த்தவர், டார்ச் அடித்து ஒரே நிமிஷத்தில் காட்டிவிட்டார். ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம். மேலும் கீழும் இருக்கிற தொட்டி கறுப்பு பிளாஸ்டிக். வருஷக்கணக்காகச் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகிவிடும். மேல் ஹோஸ் மாட்டுகிற கழுத்து ஓரத்தில் முடி போல ஒரு கோடு, அதைச் சுற்றி ரோஸ் கலரில் காய்ந்த கறை. வண்டி ஆறியிருக்கும்போது கோடு மூடிக்கொள்ளும். சூடேறி அழுத்தம் வந்தால்தான் வாயைத் திறக்கும்.

நாங்கள் வழக்கமாகப் போகும் பட்டறை தவுக்கே, எட்டாம் நாளுக்கு அப்புறம்தான் கடை திறப்பேன் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, வருஷத்துக்கு ஒரு முறை வரும் பெருநாள். ஆனால் டயாலிசிஸுக்கு லீவு கிடையாது. அடுத்த முறை திங்கட்கிழமை காலை ஏழு மணி. இருவரில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருப்பவர், எல்லா காரிலும் ஏற்ற முடியாது. கையில் இருந்தது சனி, ஞாயிறு மட்டும்தான்.

"நீங்களா ரிப்பேர் பண்ணினா பாதுகாப்பா?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். பிரேக், ஸ்டீயரிங் என்றிருந்தால் எவ்வளவு அவசரமானாலும் தொட்டிருக்க மாட்டோம். ரேடியேட்டர் வேலை வேறு மாதிரி. சரியாக மாட்டவில்லை என்றால் ஒழுகும், முள் ஏறும், ஓரம் கட்ட நேரம் கிடைக்கும். அதோடு, அந்தப் பெரியவர் பக்கத்தில் நின்று பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடுவதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

இதற்கிடையில் அடுக்களை அக்கா ஒருவர் ஒரு பாக்கெட் மஞ்சள் தூள் கொடுத்தனுப்பினார். அந்தக் கால லோரி டிரைவர்கள் மஞ்சள் தூளைப் போட்டு ஒழுக்கை அடைப்பார்களாம். அக்கா சொல்வது உண்மைதான், ஆனால் அந்தக் கால ரேடியேட்டர் வேறு. இப்போதைய அலுமினியக் குழாய்கள் ரொம்பக் குறுகல், தூள் போய் அங்கேதான் அடைக்கும், வெடிப்பு அப்படியே இருக்கும். மஞ்சள் சாம்பாருக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை மூன்று ஊர் சுற்றி, ஒரு மலாய்க்காரர் கடையில் எங்கள் மாடலுக்குப் பொருந்தும் புது ரேடியேட்டர் கிடைத்தது. ஞாயிறு காலை பூஜை முடிந்ததும் வேலையை ஆரம்பித்தோம். முதலில் பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றினோம், ஃபேன் தானாகச் சுற்றி விரலை வெட்டிவிடக்கூடாது என்று. அடியில் இருக்கும் பிளக்கைத் திருகி, பழைய கூலண்டை உடைந்த வாளி ஒன்றில் பிடித்தோம். கோயில் அடுக்களைப் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்கவில்லை. கூலண்ட் விஷம். இனிப்பாக வேறு இருக்கும். கால்வாயில் ஊற்றினால் நாய், பூனை நக்கிவிட்டுச் செத்துப்போகும். பைரவர் வாகனத்துக்குச் சோறு வைத்துவிட்டு, அதே கையால் இதை ஊற்றக்கூடாதுங்க. கேனில் அடைத்து வைத்திருக்கிறோம், பட்டறை திறந்ததும் ஒப்படைப்போம்.

மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தன. இளைஞர் பிரிவுத் தம்பி ஒருவர் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பப் போனார். பெரியவர், "டேய், அது பழக்கமாயிடும்டா, நாளைக்குப் புதுசையும் அப்படித்தான் ஒடைப்பே" என்று கையைத் தட்டிவிட்டார். ஹோஸைத் திருகித் திருகித்தான் எடுக்கணுமாம். இரண்டுமே உப்பிப் போயிருந்ததால் அவற்றையும் மாற்றினோம். ஃபேனை அதன் கூட்டோடு கழற்றினோம். ஏர்கான் கண்டென்சர் முன்னால் ஒட்டி இருக்கிறது, அதன் தகடு வளையாமல் இருக்க நடுவில் அட்டை வைத்துக்கொண்டோம். பழைய ரேடியேட்டரின் ரப்பர் புஷ்களை மறக்காமல் புதியதில் மாட்டினோம். அவை இல்லாவிட்டால் ஆட்டம் கண்டு மறுபடி வெடிக்கும்.

கழற்ற ஒரு மணி நேரம், மாட்ட ஒரு மணி நேரம். காற்றை வெளியேற்றத்தான் பொறுமை வேண்டியிருந்தது. வேனின் மூக்கு மேலே பார்க்கும்படி ஏற்றத்தில் நிறுத்தி, மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, குமிழி வர வரக் கூலண்ட் ஊற்றிக்கொண்டே இருந்தோம். மேல் ஹோஸ் சூடாகி, ஃபேன் தானே சுற்றி நின்று, குமிழி அடங்கிய பிறகுதான் மூடியைப் போட்டோம். எலுமிச்சம்பழம் வைத்தீர்களா என்று கேட்டவர்களுக்கு: நாலு சக்கரத்துக்கும் வைத்தோம், கூலண்ட் ஊற்றிய பிறகு.

அன்று மாலை பெரியவர்களின் எடைக்கு ஈடாக அரிசி மூட்டைகளை ஏற்றி, ஏர்கானைப் போட்டு, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். முள் பாதிக்குக் கீழேயே நின்றது. திங்கள் விடியற்காலை ஐந்தரைக்கு, ஆறிய எஞ்சினில் ரிசர்வ் தொட்டியைப் பார்த்தோம். கோடு மாறவில்லை. அதற்குப் பிறகுதான் பெரியவர்கள் வீட்டுக்குப் போன் போட்டோம். ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே இருவரும் செண்டரில் இருந்தார்கள்.

செலவு: ரேடியேட்டர் 270 வெள்ளி, ஹோஸ் இரண்டும் 48, மூடி 14, கூலண்ட் இரண்டு பாட்டில் 58. இழுவை லோரி 150. மொத்தம் 540 வெள்ளி, வேன் நிதியிலிருந்து. ரசீதுகள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன. ரொட்டி சானாயும் டீயும் வீட்டுக்காரம்மா செலவு, கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

தைப்பூசத்துக்கு வேன் வழக்கம்போல் பத்துமலை போகும். இடம் முதியவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் முதலில். வியாழக்கிழமைக்குள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். சக்கர நாற்காலி இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்க, பின் சீட்டைக் கழற்றி வைக்கணும்.