பதினான்குக்கு அப்புறம்

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. காலையிலிருந்தே எல்லோர் கைபேசியிலும் இஸ்ரேல் மீதான ஹமாஸ் தாக்குதல்தான். பிற்பகலில், கர்நாடகத்தின் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் எங்கள் அத்திபெலேயில், ஓசூர் போகும் நெடுஞ்சாலையோரத்துப் பட்டாசுக் கடையும் குடோனும் தீப்பிடித்தன. வண்டியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நேரம். தருமபுரியிலிருந்து அம்மா கூப்பிட்டார். "டிவியில உங்க ஊரத்தான்டா காட்டுறான். நீ எங்கடா இருக்க?"

வீட்டு மொட்டைமாடியிலிருந்தே புகை தெரிந்தது. ஆனாலும் தெருவில் பாதிப்பேர் அந்தத் தீயைக் கைபேசியில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணெதிரே எழுந்த புகை சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. கைபேசியில் அது வாரக்கணக்கில் எரிந்தது.

முதலில் இறந்தது பதினான்கு பேர் என்றார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் இருந்தவர்களிலும் சிலர் ஒவ்வொருவராக இறந்தார்கள். 9ஆம் தேதி அரியலூர் மாவட்டம் விரகாலூரில் பட்டாசு ஆலை வெடித்தது. 17ஆம் தேதி சிவகாசிப் பக்கம் ரெங்கபாளையம். அதற்கு முன்பே, ஜூலை 29 அன்று, கிருஷ்ணகிரி பழையபேட்டை. எதிர்வீட்டு அக்கா ஒன்றையும் விடாமல் பார்த்தார். ராத்திரி சிலிண்டரை மூடினோமா என்று எழுந்துபோய்ப் பார்ப்பார், படுப்பார், மறுபடி எழுவார். "கண்ண மூடினா அந்த வீடியோதான் தம்பி ஓடுது" என்றார். தீப்பிடித்த கடைப்பக்கம் அவர் போனதே இல்லை.

அவர் சொன்னது மிகையில்லை. 2013இல் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்த பிறகு, கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கானோரிடம் விசாரித்தார்கள். அந்த வாரம் தினமும் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்தியிலேயே கிடந்தவர்களுக்கு, வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட மன அழுத்தம் கூடுதலாக இருந்ததாம். குண்டு வெடித்தது ஒருமுறை. திரையில் பார்த்தவருக்கு அது நூறு முறை வெடித்திருக்கிறது.

இதைக் கேட்டதும் எல்லோரும் சொல்வது, "நியூஸ் பார்க்கிறத நிறுத்து." எனக்கு அதில் உடன்பாடில்லை. அக்காவின் மனசு கலங்கியது சரியான காரணத்துக்காக. எங்கள் ஊர்த் தீயில் செத்தவர்களில் பலர் தமிழ்நாட்டில் அரூர் பக்கத்து அம்மாபேட்டைப் பையன்கள். படித்துக்கொண்டே தீபாவளி சீசன் கூலிக்கு வந்தவர்கள். பண்டிகைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. இதற்குக் கலங்காத மனசை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தீ பற்றிய அந்த ஒரு நிமிடத்திலேயே நாங்கள் சிக்கிக்கொண்டதுதான் என்னை உறுத்துகிறது. அந்த நிமிடத்தில் யாரும் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதற்கு முன்னும் பின்னும்தான் விஷயமே இருக்கிறது. பாதுகாப்பு முறைகள் பின்பற்றப்படவில்லை என்று வந்து பார்த்த முதல்வர் சித்தராமையா சொன்னார். விசாரணை சிஐடிக்குப் போனது. அதிகாரிகள் சிலர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கல்யாணத்திலும் அரசியல் ஊர்வலத்திலும் பட்டாசு வெடிக்கக் கர்நாடக அரசு தடை போட்டது. இறந்தவர்களின் குடும்பத்துக்கு இந்த அரசு ஐந்து லட்சம், தமிழ்நாட்டு அரசு மூன்று லட்சம் அறிவித்தன. எல்லைக்கு அந்தப்பக்கத்துப் பிள்ளைகள் இந்தப்பக்கம் வந்து செத்ததற்கு இரண்டு அரசும் பணம் தந்தன. உயிரோடு இருந்தபோது அவர்கள் எந்தக் கூரைக்குக் கீழே எதன் பக்கத்தில் வேலை செய்கிறார்கள் என்று இரண்டில் எது பார்த்தது? இந்தக் கேள்வியை யாரும் வீடியோவாக எடுத்து அனுப்பவில்லை. எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் தீ வந்த அளவுக்கு சிஐடி வரவேயில்லை.

அக்காவிடம் இதைப் பேசினேன். "அப்ப நான் என்னதான் பண்றது, சொல்லு" என்றார். பெரிய பதில் என்னிடம் இல்லை. பெங்களூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு பட்டாசு வாங்க வரும் சாலையில் நாங்கள் குடியிருக்கிறோம். கடைக்காரர்களைத் தினமும் பார்க்கிறோம். கேட்கலாம் என்றேன்.

இப்போது சீசன் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே போகிறோம். லைசென்ஸ் எத்தனை கிலோவுக்கு, சரக்கை எங்கே இறக்குகிறீர்கள், பின்பக்கம் வெளியே போக வழி இருக்கிறதா, பையன்கள் ராத்திரி எங்கே தூங்குகிறார்கள் என்று கேட்கிறோம். சிலர் "உங்களுக்கெதுக்கும்மா அதெல்லாம்?" என்று முகம் சுளிக்கிறார்கள். ஒருவர் எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கதவைத் திறந்து காட்டினார். கதவை அடைத்தாற்போல் அட்டைப்பெட்டிகள் நின்றன. அக்கா சொல்லச் சொல்ல, இரண்டு பையன்கள் அவற்றை நகர்த்தி வைத்தார்கள்.