எட்டுத் தந்தியும் ஒரு சிரட்டைத் துண்டும்

இசைக்கருவிகள் பற்றிய நம் ஆய்வுகளில் மரத்துக்கும் தந்திக்கும் கிடைக்கும் இடம், தந்தியைத் தொடும் பொருளுக்குக் கிடைப்பதில்லை. சிலப்பதிகாரத்தின் கானல்வரி யாழ் மீட்டும் முறைகளாக எட்டு இசைக்கரணங்களைக் கூறுகிறது. எந்த விரல் எதைச் செய்ய வேண்டும் என்பதை உரையாசிரியர்கள் நுணுக்கமாக விளக்கியிருக்கிறார்கள். வார்தல் என்பது சுட்டுவிரலின் தொழில் என்று உரை சொல்கிறது. விரலே மீட்டும் கருவியாக இருந்த மரபு அது. விரலுக்கும் தந்திக்கும் இடையில் வேறொரு பொருள் வந்து நிற்கும்போது என்ன ஆகிறது என்ற வினாவுக்கு அந்த உரைகளில் விடை தேட முடியாது. அதற்கு விடை தேடிக்கொண்டிருக்கும் ஒருவர் பாலக்காட்டு மாவட்டத்தின் முதலமடையில் இருக்கிறார்.

முதலமடை மாம்பழத்தால் பெயர் பெற்ற ஊர். பிற இடங்களில் மா பூத்துக்கொண்டிருக்கும்போதே இங்கே காய் பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். பொள்ளாச்சிச் சந்தையும் கொல்லங்கோட்டுக் கடைத்தெருவும் இரு பக்கமும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் நெருக்கியடித்து உட்காரும். பறம்பிக்குளம் இந்த ஊராட்சிக்குள்தான் அடங்கும். ஆனால் சாலைவழி அங்கே போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து சேத்துமடை வழியாகத்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட ஊரில், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரை எல்லோரும் ‘மாஷ்’ என்றே அழைக்கிறார்கள். வாய்ப்பாட்டு கற்றவர், நாற்பது ஆண்டுகளாக மாண்டலின் வாசிப்பவர். அயர்லாந்தில் செவிலியராகப் பணிபுரியும் அவருடைய மகள் ஒரு விடுமுறையில் ஆக்டேவ் மாண்டலின் ஒன்றையும், அடுத்த விடுமுறையில் புசூக்கி ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். சிக்கல் அங்கே தொடங்கியது.

இரண்டும் மாண்டலினின் உறவுக் கருவிகள்தாம். மாண்டலினில் தந்தியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 35 செ.மீ.; ஆக்டேவ் மாண்டலினில் அது 50 செ.மீ.க்கு மேல், புசூக்கியில் 65 செ.மீ. அளவில். நான்கு இணைகளாக எட்டுத் தந்திகள். ஆக்டேவ் மாண்டலினின் சுருதி, மாண்டலினைவிட ஒரு ஸ்தாயி கீழே. புசூக்கி கிரேக்கத்திலிருந்து வந்தது. அங்கே மூன்று இணைகளோடு இருந்த அதற்கு நான்காவது இணையைச் சேர்த்துப் பரப்பியவர் மனோலிஸ் கியோதிஸ். 1960களின் நடுவில் ஜானி மொய்னிஹான் அதை அயர்லாந்தின் நாட்டுப்புற இசைக்குள் கொண்டுவந்தார்; அங்கே அது பெரும்பாலும் பாடலுக்கும் குழலுக்கும் பக்கத்துணையாக ஒலிக்கும் கருவி ஆயிற்று. அதனால்தான் அயர்லாந்து வழியில் கற்றவர்கள் 0.60, 0.73 மி.மீ. போன்ற மெல்லிய நைலான் பிக்குகளைச் சொல்கிறார்கள். பல தந்திகளை ஒரே வீச்சில் வருடிச் செல்வதற்கு வளையும் பிக் ஏற்றது. மாஷுக்கு வருட வேண்டிய தேவையே இல்லை. அவருக்கு வேண்டியது ஒற்றை இழையாக ஓடும் ஒரு கீர்த்தனை.

மெல்லிய பிக்கின் குறை விளம்ப காலத்தில்தான் வெளிப்படுகிறது. இணையின் முதல் தந்தியில் அது வளைந்து நின்று, பிறகு தெறித்து இரண்டாம் தந்தியில் விழுகிறது. ஒரு ஸ்வரம் ஒன்றரை ஸ்வரமாகக் கேட்கிறது. கூடவே பிளாஸ்டிக் தானே எழுப்பும் ‘டக்’ ஒலி வேறு. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்கு வந்தால் இரு தந்திகளும் ஒன்றாக அசைகின்றன, அடிநாதம் திரள்கிறது. கூர்நுனி மேற்சுரங்களை அதிகம் எழுப்பும். உருண்ட நுனி அவற்றை மழுக்கும். தந்தியை எந்த இடத்தில் தொடுகிறோம் என்பதும் இதற்கு இணையாகவே முக்கியம்: நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கில் மீட்டினால் ஐந்தாம் மேற்சுரம் எழும்புவதில்லை. நீண்ட தந்தி உள்ள புசூக்கியில் இந்தத் தேர்வுக்குக் கை நகர நிறைய இடம் உண்டு. சிறிய மாண்டலினில் அந்த வசதி குறைவு. ஒரே பிக்கை மூன்று கருவிக்கும் பயன்படுத்திவிட்டு ‘இந்தக் கருவி சரியில்லை’ என்று ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் பிக்கைத்தான் ஒதுக்க வேண்டியிருக்கும்.

கர்நாடக இசையில் மாண்டலின் என்றதும் நினைவுக்கு வருபவர் உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் (1969–2014). அவர் இணைத் தந்திகளைக் கைவிட்டு, ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட மின் மாண்டலினைத் தமக்கென்று அமைத்துக்கொண்டார். காரணம் எளிது: கமகத்துக்காக இணையை இழுத்தால் இரு தந்திகளும் ஒரே அளவில் ஏறுவதில்லை, அபசுரம் தட்டும். அதைவிட இந்த ஊருக்கு நெருக்கமான செய்தி வேறொன்று உண்டு. ஸ்ரீநிவாஸின் குரு ருத்ரராஜு சுப்பராஜு, பாலக்காட்டுச் செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவர் மாண்டலின் வாசித்தவர் அல்லர். பாடிக் காட்டுவார், சிறுவன் அதைத் தந்தியில் கண்டுபிடிக்க வேண்டும். செம்பையின் குரல் ஆந்திரம் போய்த் தந்தியாக மாறித் திரும்பி வந்தது என்று சொன்னால் மிகையாகாது. மாஷ் தம்மிடம் வரும் நான்கைந்து பிள்ளைகளுக்கும் அதே வழியில் பாடியே கற்பிக்கிறார். எந்தத் தானத்தில் எந்த விரல் என்று எழுதிக் கொடுப்பதில்லை.

பாடியே கற்பிப்பதால்தான் பிக்கின் சிக்கல் அவருக்கு ஒலியின் சிக்கலாக மட்டும் நிற்கவில்லை, மொழியின் சிக்கலாகவும் ஆனது. ஆய்வு மாணவி ஒருத்தி, அவர் புசூக்கியில் ஒரு தமிழ்க் கீர்த்தனையை வாசித்து முடித்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “மாஷே, ராகம் கேக்குது, வார்த்தை கேக்கலைங்க.” அவர் சினக்கவில்லை. “சரியாச் சொன்னேம்மா. எனக்கே கேக்கலை,” என்றார். 

வீணைக்காரர்கள் நன்கு அறிந்த செய்தி இது. சாகித்தியத்தின் எழுத்து விழும் இடத்தில் மீட்டு விழ வேண்டும். எழுத்தில்லாத இடத்தில் இடக்கை தனியே ஓட வேண்டும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு மீட்டு என்று போனால் பாடல் ஸ்வரக்கோவையாகச் சிதறும். மீட்டைக் குறைத்தால் நாதம் நிலைக்க வேண்டும். நாதம் நிலைக்க வேண்டுமானால் முதல் மீட்டு ஆழமாக விழ வேண்டும். குறுகிய மாண்டலினில் நாதம் விரைவில் அடங்கிவிடுவதால்தான் இத்தாலியர்கள் நெடிலைக்கூட அதிரடி மீட்டுகளால் நிரப்பினார்கள். புசூக்கிக்கு அந்த வறுமை இல்லை. தடித்த பிக்கால் ஒருமுறை தொட்டால் ஒரு நெடில் முழுவதையும் அது தாங்கும்.

இதிலிருந்து மாஷ் ஒரு பாடமுறையை உருவாக்கிக்கொண்டார். வல்லினத்துக்குக் கீழ்வீச்சு, மெல்லினத்துக்கு மேல்வீச்சு, இடையினத்துக்கு முடிந்தவரை மீட்டே இல்லை, இடக்கையின் ஜாரு போதும். மொழியியலார் இதை ஏற்கமாட்டார்கள். தாளம் சில இடங்களில் இதை மறுக்கும். புசூக்கியின் கீழ் இணைகளில் ஒன்று தடித்தது, மற்றது அதன் மேல் ஸ்தாயி என்று கட்டும் வழக்கம் இருப்பதால், கீழ்வீச்சில் ஒன்று முந்தும், மேல்வீச்சில் மற்றது முந்தும். ஆனால் அந்தக் குறையையே அவர் பயனாக்கிக்கொண்டார்: இரு வீச்சின் நிறமும் வேறாக இருப்பதால் வல்லினமும் மெல்லினமும் காதுக்கு வேறுபடுகின்றன. விதியாக இது நிற்காது. கற்பிக்கும் உத்தியாக மிக நன்றாகவே நிற்கிறது.

இவ்வளவுக்கும் வேண்டியது வளையாத, ஆனால் தந்தியில் உரசிக் கீச்சிடாத ஒரு பொருள். பழைய மாண்டலின்காரர்கள் ஆமையோட்டைப் போற்றினார்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்’ மேலைக் கடற்கரையிலிருந்து ஏற்றுமதியான பொருள்களில் ஆமையோட்டையும் சேர்த்திருக்கிறது. அந்த வணிகத்தின் உள்நாட்டுப் பாதை பாலக்காட்டுக் கணவாய்தான் என்பதை நினைத்தால் ஆய்வாளருக்குச் சற்றே மயக்கம் வரும். ஆனால் அந்த ஓடு அழுங்காமையினுடையது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது; 1977 முதல் பன்னாட்டு வணிகமும் தடை. அருகிவரும் ஓர் உயிரைக் கொன்று ஒரு நல்ல ‘ரி’யைப் பெறுவதில் நியாயம் ஏதும் இல்லை. ஆமையோட்டுக்கு மாற்றாக நியூயார்க்கில் லூயிஜி தாண்ட்ரேயா 1922இல் செலுலாயிடில் பிக் வெட்டத் தொடங்கியதிலிருந்துதான் இன்றைய கடைப் பிக்குகளின் கதை ஆரம்பிக்கிறது.

மாஷுக்கு வழி வடக்கிலிருந்து கிடைத்தது. சரோத் வாசிப்பவர்கள் ‘ஜவா’ என்னும் மீட்டும் துண்டைத் தேங்காய்ச் சிரட்டையில் செய்துகொள்வது நெடுநாள் வழக்கம். சரோதின் தந்தியும் கனமானது, அதன் இசையும் ஒற்றை இழை இசை, பொருத்தம் இயல்பானது. தென்னை சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு நைலானுக்குக் காத்திருந்ததை எண்ணி அவரே சிரித்தாராம். பொள்ளாச்சிப் பக்கத்தில் இதைத் தொட்டி என்பார்கள், சென்னையில் கொட்டாங்குச்சி, முதலமடையில் சிரட்டை. எரித்துக் கரியாக்குவதற்கும் அகப்பை செய்வதற்கும் என்றே பழகிய பொருள்.

செய்யும் முறை பொறுமையைக் கேட்பது. நன்கு முற்றிய பெரிய தேங்காயின் பக்கச் சுவர்தான் உதவும். கண்கள் உள்ள பகுதியில் வளைவு அதிகம். இரும்பறுக்கும் வாளால் முக்கோணமாக அறுத்து, கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, உட்புற வளைவு போகும்வரை தேய்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டரில் தொடங்கி இரண்டுக்குக் கொண்டுவருகிறார். பிறகு நுனியின் இரு பக்கமும் சாய்வு. இந்தச் சாய்வு இல்லையென்றால் தடித்த பிக் தந்தியில் முட்டி நிற்கும். கடைசியாக மிக நுண்ணிய உப்புத்தாள், அதன்மேல் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். நார் ஓடும் திசை நுனியை நோக்கி இருக்க வேண்டும். குறுக்கே இருந்தால் ஒரு வாரத்தில் சில்லு பெயரும். கடைப் பிக்கைப்போல் ஒன்றும் மற்றொன்றும் ஒரேமாதிரி அமையாது. பத்தில் மூன்று தேறினால் மகிழ்ச்சி.

தடிமனை அவர் நாடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அவர் கடைசியில்தான் சொன்னார். வலக்கைப் பெருவிரலின் அடிமூட்டில் தேய்மானம். மருத்துவர் மாண்டலினைச் சில மாதங்கள் மூடி வைக்கச் சொல்லியிருந்தார். மெல்லிய பிக் சுழன்று நழுவும் என்பதால் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்த இறுக்கம்தான் வலி. பெரிய, தடித்த துண்டை இரு விரல்களுக்கிடையே வெறுமனே இருத்திவைத்தால் போதும், எடையே பாதி வேலையைச் செய்துவிடும். பிடிக்கும் பக்கத்தில் நூலைச் சுற்றி மெழுகு தடவியிருக்கிறார். இப்போது காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் என்று வாசிக்க முடிகிறது. பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டிவிட்டு, அவர்கள் தடுமாறும் இடத்தை மட்டும் தந்தியில் தொட்டுக் காட்டுகிறார்.

ஆக்டேவ் மாண்டலினுக்கு உருண்ட நுனியுள்ள சிரட்டை என்று முடிவாகிவிட்டது. புசூக்கிக்கு இன்னும் முடிவாகவில்லை. கூர்நுனி வைத்தால் வார்த்தை தெளிகிறது, ஆனால் மேல் இணை வெடவெடக்கிறது. நுனியை மழுக்கினால் இணை அடங்குகிறது, வல்லினம் மங்குகிறது. சென்ற முறை அந்த ஆய்வு மாணவி வந்தபோது ஐந்து துண்டுகளை வரிசையாக வைத்து, அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி, ஒரே பல்லவியை ஐந்து முறை வாசித்தார். அவள் மூன்றாவதைச் சொன்னாள். அவர் மனத்தில் இருந்தது நான்காவது. மூன்றாவதைத் தனியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நான்காவதை மறுபடி உப்புத்தாளில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.