மாஸ்டரின் பின்னங்கால்

28 ஜூலை 2024, ஞாயிறு

மாஸ்டர் தஞ்சாவூர் கராத்தே போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். ஆகஸ்ட் 11. 67 கிலோவுக்குக் கீழ்ப் பிரிவு, குமித்தே, அதாவது எதிரெதிரே நின்று மோதும் ஆட்டம். முப்பத்தைந்து வயதில் எதற்கு இந்த வேலை என்று அவருடைய மாமனார் கேட்டாராம். கிளாஸ் நடத்துகிற ஆள் தோற்றுவிட்டு வந்தால் யார் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள் என்பது அந்தப் பெரியவர் கவலை. நியாயமான கவலைதான். பழைய மெடலையும் பழைய போட்டோவையும் சுவரில் மாட்டிவைத்துக் காலம் தள்ளுகிற மாஸ்டர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தோற்பதற்கு வாய்ப்புள்ள இடத்துப் பக்கமே போகமாட்டார்கள். நம்ம ஆள் போகிறார். நான் இவரிடம் வந்து சேர்ந்ததே அதற்காகத்தான்.

உறையூர் மொட்டை மாடியில் தகரக் கூரைக்கு அடியில் மேட் விரிக்கும்போதே வேர்த்துக் கொட்டியது. அடிப்படைப் பயிற்சியான கிஹோன் முடிந்ததும் என்னையும் பிளஸ் ஒன் படிக்கும் தம்பியையும் மாற்றி மாற்றித் தன் எதிரே நிறுத்தினார். அவருடைய கியாக்கு சுக்கி, பின்கைக் குத்து, என் வயிற்றில் வந்து தொட்டது. கண்ணை இமைக்காமல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளம்பியது தெரியவில்லை, வந்து சேர்ந்ததுதான் தெரிந்தது.

"எப்படி மாஸ்டர்?"

"ஸ்பீடு தம்பி. இடுப்பைத் திருப்பு, கை தானா வரும்."

சேர்ந்த நாளிலிருந்து இதையேதான் சொல்கிறார். நானும் இடுப்பைத் திருப்பிக்கொண்டேதான் இருக்கிறேன்.

மத்தியானம் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்கு வெண்கலம். கிளாஸ் குரூப்பில் எல்லாரும் கைதட்டிப் போட, மாஸ்டர் மட்டும் "நம்ம ஆட்டம் இல்லாம போச்சே" என்று எழுதியிருந்தார். பாரிஸில் கராத்தே கிடையாது. டோக்கியோவில் ஒரே ஒரு தடவை உள்ளே விட்டார்கள், அதோடு சரி.

30 ஜூலை, செவ்வாய்

மாஸ்டரின் செல்போனைத் திறந்தால் ரஃபாயேல் அகாயெவ்தான் நிற்பார். அஜர்பைஜான்காரர். ஐந்து முறை உலக சாம்பியன். 2006இல் ஒரே போட்டியில் தன் எடைப் பிரிவிலும், எடைக்கணக்கே இல்லாத ஓபன் பிரிவிலும் சேர்த்து ஜெயித்தவர். ஆள் நெட்டை இல்லை. "நம்ம உயரம்தான் தம்பி" என்று மாஸ்டர் சொல்லும்போது ஏதோ பங்காளியைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும்.

ராத்திரி அகாயெவின் டோக்கியோ பைனலைப் போட்டுப் பார்த்தேன். இத்தாலியின் லூயிஜி பூசாவிடம் 1–0 என்று தோற்ற ஆட்டம். மூன்று நிமிஷத்தில் மொத்தமே ஒரு புள்ளி. அம்மா கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு, "எப்பதான்டா அடிச்சுக்குவாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள், தூரத்துக்காக. இன்னும் அரை அடி உள்ளே போனால் அடிக்கலாம். அதே அரை அடியில் அடி வாங்கவும் செய்யலாம். அந்த அரை அடி யாருக்கு என்பதில்தான் இரண்டு பேரும் அவ்வளவு நேரமும் குதித்துக் குதித்துப் பேரம் பேசினார்கள். கையைப் பார்த்துக்கொண்டிருந்தவரை எனக்கும் அம்மா கேட்ட கேள்விதான் இருந்தது. காலைப் பார்க்க ஆரம்பித்த பிறகு கொஞ்சம் பிடிபட்டது.

1 ஆகஸ்ட், வியாழன்

கணுக்கால் வீங்கியிருந்ததால் என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார். நல்லதாய்ப் போயிற்று. தரையில் உட்கார்ந்தால் மற்றவர்களின் கால்கள் கண்ணுக்கு நேரே வந்துவிடுகின்றன.

எங்கள் மேட் சிவப்பும் நீலமுமாகப் பல் பல்லாகக் கோத்துப் போடுகிற ரகம். மாஸ்டரின் முன்கால் கட்டைவிரல் ஒரு கோட்டில் இருந்தது. பின்னங்கால் அடுத்த மேட்டின் நடுவே. அவர் மெதுவாகத் துள்ளிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு துள்ளலிலும் முன்கால் அதே கோட்டில்தான் இறங்கியது. பின்னங்கால் மட்டும் இரண்டு விரற்கடை, மூன்று விரற்கடை முன்னால் இறங்கியது. தோள் அசையவில்லை. தலை முன்னே வரவில்லை. எதிரே நிற்பவன் தலையையும் முன்காலையும் வைத்துத்தான் தூரத்தைக் கணக்குப் பண்ணுவான். அவன் கணக்கில் மாஸ்டர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். ஆனால் பின்னங்கால் அதற்குள் இடுப்புக்குக் கீழே வந்து சேர்ந்துவிட்டது. அங்கிருந்து அவர் உந்தும்போது முன்கால் சாதாரணமாக எட்டுவதைவிட ஓரடி கூடுதலாகப் போய் விழுகிறது. தம்பியின் நெஞ்சில் குத்து பட்டபோது அவன் பின்வாங்கவே ஆரம்பித்திருக்கவில்லை.

"மாஸ்டர் செம ஸ்பீடுண்ணே" என்றான் வந்து உட்கார்ந்து.

ஸ்பீடெல்லாம் இல்லை. நாங்கள் போட்டி ஆரம்பிக்கும் என்று காத்திருக்கும்போதே அவர் பாதி வழி போயிருக்கிறார். இத்தனை நாள் எங்கள் காதில் ஓதியது இடுப்பை, செய்துகொண்டிருந்தது காலை.

செல்போனில் எடுத்து வேகத்தைக் குறைத்து ஓட்டி, கிளாஸ் முடிந்ததும் காட்டினேன். "அடிக்கிறதுக்கு முன்னாடி பின்னங்காலை உள்ள இழுத்துக்கிறீங்களே, அதைப் பத்தி நீங்க சொன்னதே இல்லையே மாஸ்டர்?"

"நானா? இழுக்கிறதில்லையே."

பார்த்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு, யாரோ ஒரு மாணவனைப் பார்ப்பதுபோல், "அட, ஆமா" என்றார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "யாரும் இல்ல. சின்ன வயசுல கூட நின்ன பசங்க எல்லாம் என்னைவிட நெட்டை. எப்படியாவது உள்ள போயாகணும்ல?"

3 ஆகஸ்ட், சனி

ஆடிப்பெருக்கு. மேட்டூர் நிரம்பிவிட்டதால் காவிரியில் கண்கொள்ளாத தண்ணீர். அம்மா மண்டபம் பக்கம் வண்டி நகரவில்லை. கிளாஸ் இல்லை. வீட்டில் சித்ரான்னம் சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நல்லா விளையாடுகிறவர் நல்லா சொல்லிக்கொடுப்பார் என்று நாம் எதை வைத்து நம்புகிறோம்? இரண்டும் வேறு வேறு திறமை. இரண்டும் ஒரே ஆளிடம் அமைந்ததற்குச் சாட்சியாக எனக்குத் தெரிந்தவர் ஒகினாவாவின் சகுமோட்டோ ட்சுகுவோ. 1984, 86, 88 என்று தொடர்ந்து மூன்று தடவை கட்டாவில் உலக சாம்பியன். அவர் வளர்த்த கியூனா ரியோ டோக்கியோவில் தங்கம் வாங்கினார்; ஒகினாவா மண்ணுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். கட்டாவில் இது நடக்கும் என்று எனக்குப் படுகிறது. எதிராளி இல்லை. கை எங்கே, கால் எங்கே, பார்வை எங்கே எல்லாம் முன்கூட்டியே முடிவானது. ஆசிரியர் கூடவே நின்று கட்டைவிரலைத் திருத்தலாம்.

குமித்தே அப்படி இல்லை. எதிரே நிற்பவன் மாறினால் எல்லாம் மாறும். அங்கே உடம்பு தானாகக் கற்றுக்கொண்டது வாய்க்கு எட்டுவதில்லை. கேட்டால், தன் ஆசிரியர் தனக்குச் சொன்னதைத்தான் சொல்லும். மாஸ்டர் சொல்லும் "இடுப்பைத் திருப்பு" அவருடைய மாஸ்டர் சொன்னது. பின்னங்கால் அவருடையது.

5 ஆகஸ்ட், திங்கள்

கூத்து. மாஸ்டர் இப்போது பின்னங்காலை யோசித்து யோசித்து இழுக்கிறார். யோசிப்பதால் தோளும் கூடவே வருகிறது. பிளஸ் ஒன் தம்பி முன்கையால் ஒரு கிசாமிக் குத்து விட்டான், நேராக மாஸ்டரின் ஹெல்மெட்டில். அவனே பயந்துபோய் "சாரி மாஸ்டர்" என்றான். "ஏன்டா சாரி? ஒரு பாயிண்டுடா அது!" என்று அவன் முதுகில் தட்டினார். என்னைப் பார்த்து, "நீ காட்டினதிலிருந்து காலு என்கிட்ட பேச மாட்டேங்குது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மாஸ்டரின் எடை 68.4.

7 ஆகஸ்ட், புதன்

ஒலிம்பிக் மல்யுத்தத்தில் வினேஷ் போகத்தை வெளியே அனுப்பிவிட்டார்கள். 50 கிலோ பிரிவில் 100 கிராம் கூடுதல். பைனல் வரை ஜெயித்து வந்தவர். சாயங்காலம் கிளாஸில் பெற்றோர் எல்லாரும் அதையே பேசினார்கள். முடியை வெட்டியும் பார்த்தார்களாம், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். ஆளுக்கொரு யோசனை. மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. எல்லாரும் போனபிறகு மூலையிலிருந்த எடை மெஷினை இழுத்துப் போட்டு ஏறினார். 67.6. இறங்கி, அதைத் தரையில் நேராக நகர்த்தி வைத்து மறுபடி ஏறினார். அதே 67.6. "ராத்திரி ரெண்டு இட்லியும் கட்" என்றார்.

9 ஆகஸ்ட், வெள்ளி

சின்னப் பிள்ளைகளுக்குக் கனசாவா ஹிரோகாசு கதை. எங்கள் மாதிரி எல்லா ஷோட்டோகான் கராத்தே கிளாஸிலும் சொல்லும் கதைதான்: 1957இல் நடந்த முதல் அகில ஜப்பான் போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவருக்குக் கை உடைந்துவிட்டது, விலகிக்கொள்ளலாம் என்றிருந்தவரிடம், இன்னொரு கையும் இரண்டு காலும் இருக்கிறதே என்று அவருடைய அம்மா கேட்டாராம், போய் ஜெயித்துவிட்டார். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். தைரியக் கதையாகத்தான் இதை எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு இப்போது வேறு ஒன்று உறைக்கிறது. பெரிய ஆயுதம் போய்விட்டால் மிச்சமிருப்பதை வைத்துக் கணக்குப் போட்டாக வேண்டும். குள்ளமாய்ப் பிறந்த மாஸ்டர் போட்டதும் அதே கணக்குத்தான்.

11 ஆகஸ்ட், ஞாயிறு, தஞ்சாவூர்

என் கதை சுருக்கம். முதல் ஆட்டத்தில் ஜெயித்தேன், இரண்டாவதில் உதை. ஆனால் முதல் ஆட்டத்தில் ஒரு கியாக்கு சுக்கி விழுந்தது. இரண்டு மூலையில் நீலக் கொடி உயர்ந்தது. பின்னங்காலை இழுத்தேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லை.

மாஸ்டர் காலை எடையில் 66.8. முதல் இரண்டு ஆட்டமும் பார்க்கவே சுகம். கால் மறுபடி அவரோடு பேச ஆரம்பித்துவிட்டது. அடித்தபிறகு அவர் செய்வதையும் இன்றுதான் கவனித்தேன். கையை உடனே இழுத்து, கண்ணை எதிராளி மேலிருந்து எடுக்காமல், காவலோடு விலகி நிற்கிறார். இளவட்டங்கள் குத்தியதும் திரும்பிக்கொண்டு முஷ்டியை உயர்த்திக் கத்துகிறார்கள். அடித்தபிறகும் தளராத அந்தக் கவனம், ஜான்ஷின், இல்லை என்று நடுவர் கொடியை உயர்த்துவதில்லை. நல்ல குத்தெல்லாம் இப்படியே வீணாய்ப் போவதை நாள் முழுக்கப் பார்த்தேன்.

செமி பைனலில் எதிரே ஒரு கல்லூரிப் பையன். மாஸ்டரைவிட அரை அடி உயரம். மாஸ்டர் துள்ளத் தொடங்கினார், பின்னங்கால் ஊர்ந்தது. பையன் ஒரு கணம் கீழே பார்த்தான். பின்னங்கால் தரையைவிட்டு எழும்பிய அந்த நொடியில், ஊன்றக் காலில்லாமல் மாஸ்டர் நின்ற நொடியில், நீளக் கையால் ஒரு கிசாமி. யூக்கோ, ஒரு புள்ளி. முதல் புள்ளி எடுத்தவனுக்கான சென்ஷுவும் அவனுக்கே. மாஸ்டர் விடவில்லை. வயிற்றில் ஓர் உதை போட்டு இரண்டு புள்ளி, பிறகு ஒரு குத்து. 3–1. அடுத்து அவன் இரண்டு குத்து. 3–3. "அடோஷி பராக்கு" என்று குரல் வந்தது, பதினைந்து நொடி மிச்சம். அரங்கு முழுக்கக் கத்தினோம். மாஸ்டர் இரண்டு தடவை பாய்ந்தார், இரண்டு தடவையும் அந்தப் பையன் கோட்டோரம் நழுவினான். மணி அடித்தது. சமநிலை என்றால் சென்ஷு வைத்திருப்பவனே ஜெயித்தவன்.

வெண்கலத்தோடு பஸ் ஏறினோம். பிள்ளைகள் முகம் தொங்கிக் கிடந்தது. மாஸ்டர் பரோட்டா பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே உற்சாகம்.

"அவன் என் தலையைப் பாக்கல தம்பி. காலைப் பாத்தான். இத்தனை வருஷத்துல ஒருத்தனும் பாத்ததில்ல."

"நான் பாத்தேனே மாஸ்டர்."

"நீ உக்காந்துக்கிட்டு பாத்த. அவன் நின்னுக்கிட்டுப் பாத்தான்."

வல்லம் தாண்டும்வரை அந்தப் பையனைப் பற்றியே பேசினார். எந்த ஊர், யாரிடம் படிக்கிறான், இடது காலை முன்னால் வைத்தால் என்ன செய்வான். தன்னைத் தோற்கடித்தவனைப் பற்றி ஒருவர் இவ்வளவு ஆசையாகப் பேசி நான் கேட்டதில்லை.

13 ஆகஸ்ட், செவ்வாய்

மஞ்சள் பெல்ட் பிள்ளைகளுக்குப் பின்னங்காலை நீயே சொல்லிக்கொடு என்று விட்டுவிட்டார். தனக்குச் சொல்ல வராதாம். சாக்பீஸால் முன்காலுக்கு ஒரு கோடு, பின்னங்காலுக்கு வரிசையாக மூன்று கோடு போட்டேன். தலை அசைகிறதா என்று பார்க்க ஒவ்வொருத்தர் தலையிலும் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்தேன். மாடி முழுக்க நோட்டு விழும் சத்தம். ஒரு சின்னப் பெண் மட்டும் நோட்டு விழாமல் மூன்றாவது கோடு வரை வந்துவிட்டாள். எப்படி என்று கேட்டால் "தெரியலண்ணா" என்கிறாள். அடுத்த மாஸ்டர் ரெடி.

நடுவராகப் போகும் மாஸ்டரின் நண்பர் ஒருவர் வந்திருந்தார். நான் பெருமையாக விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நுசுமி ஆஷிதானே?" என்றார். ஜப்பானில் கெண்டோக்காரர்களிடமும் இது பழைய வித்தையாம். நாங்கள் கண்டுபிடித்ததுபோல் ஆடிக்கொண்டிருந்தோம். மாஸ்டர் என்னைப் பார்த்தார், நான் மாஸ்டரைப் பார்த்தேன்.

கடைசி அரைமணி நேரம் என்னை எதிரே நிறுத்தினார். பின்னங்காலை இழுத்தார். நானும் தஞ்சாவூர்ப் பையன் மாதிரி கிசாமி விட்டேன். அவர் உள்ளே வரவே இல்லை. இழுத்த கால் பின்னாலேயே போய்விட்டது. என் கை காற்றில் நீண்டிருக்க, அதற்குக் கீழே அவருடைய கியாக்கு சுக்கி. பொய்யாக இழுக்க எப்போது பழகினார் என்று கேட்டேன்.

"பஸ்ல."

டிசம்பரில் அடுத்த போட்டியாம். எனக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்துவிட்டார். என்ட்ரி பீஸ் யார் கட்டுவது என்று பேச்சே எடுக்கவில்லை.