மூன்று மணி நேரத்தில் பதினெட்டு நிமிடம்

பேஸ்பால் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பேஸ்பால் பார்ப்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. 2013ஆம் ஆண்டில் அமெரிக்க நாளேடு ஒன்று கடிகாரம் வைத்துக் கணக்கிட்டது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் நடக்கும் ஆட்டத்தில் பந்தும் ஆட்களும் உண்மையாகவே அசைகிற நேரம் சுமார் 18 நிமிடங்கள்தாம் என்று தெரியவந்தது. மிச்ச நேரமெல்லாம் பந்தெறிபவர் தொப்பியைச் சரிசெய்வார். மட்டையாளர் கையுறையைக் கழற்றி மறுபடியும் மாட்டுவார். வெளிக்களத்தில் நிற்பவர் வானம் பார்ப்பார். பார்வையாளர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேச்சைப் பற்றித்தான் இக்கட்டுரை.

‘நாங்கள்’ என்று இங்கே சொல்வது தொடக்கத்தில் இருவரை. 2003ஆம் ஆண்டின் வேனிற்காலத்தில் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த மென்பொருள்காரர்கள். ஒருவருக்கு மதுரை, மற்றவருக்குக் கும்பகோணம். கிரிக்கெட்டைத் தவிர வேறு மட்டையாட்டம் எதையும் ஆட்டமாகவே மதிக்காத வளர்ப்பு. ஓக்லண்ட் கொலீசியத்தில் புதன்கிழமைகளில் 2 டாலருக்கு டிக்கெட் கிடைக்கிறது என்று அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். பார்ட் ரயிலில் ஏறினால் அரைமணிக்குள் போய்விடலாம்; நிலையத்திலிருந்து நடைமேம்பாலம் அரங்கின் அருகிலேயே கொண்டுவிடும். வீட்டுச் சாப்பாட்டை உள்ளே எடுத்துப் போகலாம் என்ற தகவல் கடைசித் தயக்கத்தையும் போக்கிற்று. ஒரு புளியோதரைப் பொட்டலத்தோடு போய் மேல்தளத்தில் அமர்ந்தோம்.

அழகான அரங்கம் என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள். 1966இல் திறக்கப்பட்ட கான்கிரீட் கிண்ணம். 1990களின் நடுவில் கால்பந்து அணிக்காக எழுப்பிய உயரமான இருக்கைச் சுவர், அதுவரை கண்ணுக்குத் தெரிந்த குன்றுகளை மறைத்துவிட்டிருந்தது. மாலையானால் வளைகுடாக் காற்று எலும்பைத் தொடும். எங்கள் வரிசையில் ஏற்கெனவே மூவர் இருந்தனர். ஒருவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஓக்லண்ட் அணி 1972, 1973, 1974 என்று மூன்றாண்டுகள் தொடர்ந்து உலகத் தொடரை வென்றதைக் கண்டவர். அடுத்தவர் இரவுப் பணி பார்க்கும் நர்ஸ். மூன்றாமவர் பள்ளி ஆசிரியர். ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறிப்பேட்டில் பதிந்துகொண்டே பேசக்கூடியவர்.

முதியவரைப் பெயர் சொல்லி அழைக்கும்படி அவரே சொன்னார். எங்களுக்கு நா எழவில்லை. ‘அங்கிள்’ என்றோம். அவர் முதலில் சிரித்தார். அடுத்த பருவத்துக்குள் வரிசை முழுவதும் அவரை அங்கிள் என்றே அழைக்கலாயிற்று. 2006இல் ஆளில்லாத மேல்தளத்தைப் பச்சைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். பிரிந்துவிடக் கூடாதென்று ஐவரும் பேசிவைத்துக்கொண்டு, சற்றுக் கூடுதல் விலை கொடுத்துக் கீழே ஒரே வரிசையில் இடம் பிடித்தோம். ‘நாங்கள்’ ஐவரானது அப்போதுதான் என்று நினைக்கிறோம்.

என்ன பேசினோம்? சொல்லத் தகுந்ததாக ஒன்றுமில்லை. வீட்டு வாடகை, முழங்கால் வலி, எந்தக் கடையில் மாம்பழம் மலிவு, ஆசிரியரின் வகுப்பில் கணக்கு வராத சிறுவன். பிறகு சினிமா. ‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’ (1989) படத்தின் பெயரை எடுத்தாலே அங்கிள் கொதித்துவிடுவார். ஷூலெஸ் ஜோ ஜாக்சன் இடக்கை மட்டையாளர். படத்தில் அவராக நடித்த ரே லியோட்டா வலக்கையால் ஆடுகிறார். செத்தவர்கள் சோளக்கொல்லைக்குள்ளிருந்து எழுந்து வருவதை அங்கிள் ஆட்சேபமின்றி ஏற்றுக்கொள்வார். வலக்கையை மட்டும் மன்னிக்கமாட்டார்.

எங்கள் அணியைப் பற்றியே 2011இல் ‘மணிபால்’ வந்தது. கொலீசியத்திலும் அதைப் படமாக்கியிருந்தார்கள். பணமில்லாத ஓர் அணி, புள்ளிவிவரங்களின் துணையால் 2002இல் தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்ற கதை. வரிசையில் அதைப் பற்றி ஒரு பருவம் முழுதும் வாதம் நடந்தது. ஹட்சன், மல்டர், ஸீட்டோ என்ற மூன்று பந்தெறிபவர்களைப் படம் கிட்டத்தட்ட மறந்துவிட்டது என்பது ஆசிரியரின் வழக்கு. அவ்வாண்டு ஸீட்டோ சை யங் விருது பெற்றார்; மிகுவேல் டெஹாடா அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். இவர்களை ஒதுக்கிவிட்டு வெற்றியைக் கணிப்பொறிக்குக் கொடுப்பது என்ன நியாயம் என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்பார், கணிப்பொறிக்கு நாங்கள்தாம் பொறுப்பு என்பதுபோல.

பதிலுக்கு நாங்கள் ‘சென்னை 600028’ குறுந்தட்டைக் கொடுத்தோம். 2007இல் வந்த அந்தப் படத்தில் இராயபுரத்துப் பையன் ஒருவனின் குடும்பம், எதிரணியின் பேட்டையான விசாலாட்சித் தோட்டத்துக்கு வீடு மாற்றிப் போகிறது. நர்ஸ் அந்த ஒரு விஷயத்தையே பிடித்துக்கொண்டார். “வீடு மாறினால் அணி மாறலாமா?” மூன்று வாரம் இதையே பேசினோம். முடியவே முடியாது என்றார் அங்கிள். விசுவாசம் வேறு, வாடகை வேறு என்றார் ஆசிரியர். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்துவிட்ட நாங்கள் இருவரும் அந்த விவாதத்தில் அதிகம் வாய்திறக்கவில்லை.

இப்பேச்சுகளின் அமைப்பு எங்களுக்கு முன்பே பழக்கமானது என்பது ஒருநாள் திடீரெனத் தெரிந்தது. ஊரில் தாத்தாக்கள் திண்ணையில் இப்படித்தான் அமர்ந்திருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எல்லோரும் தெருவைப் பார்ப்பார்கள். மாட்டுவண்டி போகும்; தபால்காரர் வருவார்; அதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த இடைவெளியில், எதற்கும் சம்பந்தமில்லாததுபோல், மகள் வாழாவெட்டியாக வந்து நிற்கிற சேதி ஒருவர் வாயிலிருந்து உதிரும். கேட்டவர் திரும்பிப் பார்க்கமாட்டார். திரும்பிப் பார்க்காததுதான் அங்கே மரியாதை.

அங்கிளிடம் ஒரு கதை இருந்தது. 2002 செப்டம்பர் 4, கான்சஸ் சிட்டிக்கு எதிரான இருபதாவது ஆட்டம். ஓக்லண்ட் மூன்றே இன்னிங்ஸில் 11-0 என்று முன்னிலை பெற்றது. எதிரணி விடாமல் துரத்தி ஒன்பதாவது இன்னிங்ஸில் 11-11 என்று சமன் செய்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஸ்காட் ஹாட்டபெர்க் மாற்று மட்டையாளராக வந்து ஹோம் ரன் அடித்தார். 12-11. அந்த இரவில் அரங்கம் எப்படி அதிர்ந்தது, பக்கத்து இருக்கைக்காரர் எப்படித் தன்னைக் கட்டிப்பிடித்து அழுதார் என்பதையெல்லாம் அங்கிள் ஆண்டுக்கு நான்கு முறையாவது சொல்வார். மறு ஆண்டு வந்து சேர்ந்த நாங்கள் ஒவ்வொரு முறையும் பொறாமையோடு கேட்போம்.

2013ஆம் ஆண்டு மே மாதம், நர்ஸின் கணவர் புற்றுநோயால் இறந்தார். மூன்று புதன்கிழமைகள் அவர் இருக்கை காலியாக இருந்தது. நான்காவது புதன்கிழமை வந்தார். அவரிடம் என்ன சொல்வதென்று ரயிலிலேயே ஒத்திகை பார்த்திருந்தோம். வந்து அமர்ந்ததும் அவர் “ஸ்கோர் என்ன?” என்றார். ஆசிரியர் சொன்னார். இரண்டு இன்னிங்ஸ் வரை வேறு பேச்சில்லை. பிறகு களத்தைப் பார்த்தபடியே அவர் பேசத் தொடங்கினார். ஐந்து இரவுகள் படுக்கையருகிலேயே இருந்தாராம். ஆறாம் நாள் காலை ஒரு காப்பி வாங்கி வரக் கீழே போயிருக்கிறார். பத்து நிமிடம். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. “எத்தனையோ பேரின் கடைசி நேரத்தில் கூட இருந்திருக்கிறேன். அவருக்கு மட்டும் இல்லாமல் போனேன்” என்றார்.

நாங்கள் யாரும் திரும்பவில்லை. பந்தெறிபவர் மூன்று பந்துகள் வீசினார். அதன்பிறகு அங்கிள், அவரும் களத்தைப் பார்த்தபடியே, சொன்னார்: “அந்த இருபதாவது ஆட்டத்தில் நான் ஏழாவது இன்னிங்ஸிலேயே கிளம்பிவிட்டேன். 11-5. இனி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். விடிகாலை ஷிஃப்ட் இருந்தது. ஹோம் ரன்னைக் காரில், பில் கிங்கின் குரலில் ரேடியோவில்தான் கேட்டேன். பாலத்தருகே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். பக்கத்தில் யாருமில்லை.”

நீண்ட மௌனம். ஆசிரியரின் பென்சில்கூட நின்றுவிட்டது. நர்ஸ் மெல்லச் சிரிக்கத் தொடங்கினார். “அப்படியானால் இத்தனை வருடமும் எங்களிடம் பொய்யா சொன்னீர்கள்?” “ஆமாம்” என்றார் அங்கிள். “ஆனால் ஒவ்வொரு இரவும் அந்த இருக்கையில்தான் இருந்தேன்.” நர்ஸ் சிரித்துக்கொண்டே அழுதார். ஆறுதல் சொல்வதற்கென்று நாங்கள் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எவ்வளவு உதவாதவை என்பது அன்று புரிந்தது. தோற்றுப்போன தன் கதை ஒன்றை எடுத்து அவருடைய கதைக்குப் பக்கத்தில் வைத்தார் அங்கிள். ஆட்டத்தில் யார் வென்றார்கள் என்பது எங்கள் ஐவரில் ஒருவருக்கும் நினைவில்லை. ஆசிரியரின் குறிப்பேட்டிலும் அன்றைய பக்கம் பாதியில் நிற்கிறது.

மற்றொரு நாள் ஆசிரியருக்குத் தமிழைப் பற்றி விளக்க நேர்ந்தது. கேட்பவரைச் சேர்த்துச் சொன்னால் ‘நாம்’, சேர்க்காமல் சொன்னால் ‘நாங்கள்’ என்றோம். ஆங்கிலத்துக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான். அவருடைய ஸ்பானிய மொழியிலும் அப்படியே. அணி வென்றால் ரசிகர்கள் ‘ஜெயித்துவிட்டோம்’ என்கிறார்களே, அது இவற்றில் எது என்று கேட்டார். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம், நமக்கு டிக்கெட் செலவு. ஆகவே ‘நாம்’ என்று சொல்ல நமக்கு உரிமையுண்டா என்று ஐவரும் ஓர் ஆட்டம் முழுக்க வழக்காடினோம். தீர்ப்பு எதுவும் வரவில்லை.

பிற்பாடு வந்தது. 2019இல் கூடைப்பந்து அணி சான் பிரான்சிஸ்கோவுக்கும், 2020இல் கால்பந்து அணி லாஸ் வேகஸுக்கும் போயின. 2023இல் பந்தெறிபவருக்குக் கடிகாரம் வைத்தார்கள்; சராசரி ஆட்ட நேரம் 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாகச் சுருங்கியது. ஆட்டம் விறுவிறுப்பானது என்று எல்லோரும் மகிழ்ந்தபோது, எங்கள் பேச்சிலிருந்து 24 நிமிடம் போயிற்றே என்று வருந்தியவர்கள் நாங்கள். அவ்வாண்டு நவம்பரில் அணி லாஸ் வேகஸுக்குப் பெயர்வதற்கு லீகின் உரிமையாளர்கள் ஒருமனதாக ஒப்புதல் அளித்தனர். பிழை யாருடையது என்று இங்கே வழக்காடப் போவதில்லை. 1901இல் பிலடெல்பியாவில் தொடங்கி, கான்சஸ் சிட்டி வழியாக 1968இல் ஓக்லண்டுக்கு வந்த அணி அது. வந்தது போலவே போயிற்று. படத்தில் ஆட்டக்காரன் வீடு மாறினான். இங்கே அணியே வீடு மாறியது.

2024 செப்டம்பர் 26, வியாழக்கிழமைப் பகல். கடைசி ஆட்டம். 46,889 பேர். டெக்சாஸை 3-2 என்று வென்றோம். அங்கிள் கைத்தடியோடு வந்திருந்தார். ஏழாவது இன்னிங்ஸில் ஆசிரியர் குனிந்து, “கிளம்பலாமா?” என்று கேட்டார், அங்கிள் கைத்தடியை ஓங்கினார். ஆட்டம் முடிந்தபின் மைதானப் பணியாளர்கள் களத்து மண்ணை அள்ளிக் கொடுத்தார்கள். நர்ஸ் காலியான மாத்திரைக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அது யாருடைய மாத்திரைக் குப்பி என்று நாங்கள் கேட்கவில்லை.

அவ்வாண்டு டிசம்பர் 20ஆம் நாள் ரிக்கி ஹெண்டர்சன் காலமானார். ஓக்லண்டில் வளர்ந்தவர், 1,406 முறை தளங்களைத் திருடி எவரும் நெருங்க முடியாத சாதனை படைத்தவர். செய்தி கேட்டதும் ஐவரும் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்தோம். நேரில் சந்திக்க வேண்டுமென்று பேசி, 2025 ஜனவரியில் ஒரு காப்பிக்கடையில் கூடினோம். வட்ட மேசை. ஐந்து முகங்களும் எதிரெதிரே. மழையைப் பற்றிச் சொன்னோம், உடல்நலம் விசாரித்தோம். இருபது நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிட்டது. இருபது ஆண்டுகள் பேசியவர்களுக்குப் பேச ஒன்றுமில்லை. பேசுவதற்காகவே கூடினால் பேச்சு வராது போலும். எல்லோரும் சேர்ந்து பார்ப்பதற்கு எதிரே ஏதாவது வேண்டியிருக்கிறது.

மேற்கு ஓக்லண்டின் ரைமண்டி பூங்காவில், 2024இல் தொடங்கிய ‘ஓக்லண்ட் பாலர்ஸ்’ என்ற சிறிய அணி ஆடுகிறது. பெரிய லீக் அன்று. பேர்பெற்ற ஆட்டக்காரர்களும் இல்லை. 2025 ஜூன் மாத மாலையொன்றில் அங்கிளைக் காரில் அழைத்துக்கொண்டு போனோம். ஒரே வரிசையில் அமர்ந்தோம். ஆசிரியர் புதிய குறிப்பேட்டைப் பிரித்தார். முதல் இன்னிங்ஸ் மௌனமாகவே கழிந்தது. இரண்டாவதில் நர்ஸ் முழங்கால் வலியைப் பற்றி ஏதோ சொன்னார். அங்கிள் தன் முழங்காலைப் பற்றிச் சொன்னார். பிறகு, களத்தைப் பார்த்தபடியே, “2002 செப்டம்பர் 4ஆம் தேதி இரவு” என்று தொடங்கினார். பக்கத்து இருக்கையிலிருந்த அறிமுகமில்லாத இளைஞன் ஆர்வத்தோடு காதைக் கொடுத்தான்.

பக்கத்து இருக்கைக்காரர் கட்டிப்பிடித்து அழுத இடம் வந்தது. நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து அந்த இளைஞன் பக்கமும் நீட்டினோம்.